பட்டத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே: புவி அறிவியலில் முதல் பத்து ஆண்டுகள்

புவி அறிவியலில் பட்டம் பெற்ற ஒருவருடைய கையெழுத்துக்குத் தொழில் உலகில் மதிப்பு வருவதற்கு, பட்டம் பெற்ற நாளிலிருந்து பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளாவது ஆகிறது. இது பேச்சுக்குச் சொல்லும் கணக்கில்லை. கனிம வளம் பற்றிய அறிக்கையில் யார் ஒப்பமிடலாம் என்பதைப் பல நாடுகளின் விதிகளே அப்படி வரையறுத்திருக்கின்றன. பட்டத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவிலுள்ள காலத்தில் மாணவர் முன்பும் இளம் பணியாளர் முன்பும் எத்தனையோ வாய்ப்புகள் வந்து நிற்கின்றன: பயிற்சிப் பணி, மாநாடு, போட்டி, ஆய்வுக் கப்பல், வழிகாட்டித் திட்டம், குறுகியகால வகுப்பு, உதவித்தொகை. அனைத்துக்கும் விண்ணப்பிக்க யாரிடமும் நேரமும் இருக்காது, பணமும் இருக்காது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் ஒரு கேள்விதான். அந்த வாய்ப்பு முடிந்த பிறகு, நீங்கள் செய்ததைப் பிறர் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கும்படியாக அது எதை மிச்சம் வைக்கிறது? வரைபடமா, தரவுத்தொகுதியா, கணினி நிரலா, தேதியிட்ட பதிவேடா, உங்கள் வேலையை அருகிலிருந்து கண்ட ஒருவரின் சாட்சியமா? இவற்றில் எதுவுமில்லை என்றால் மிஞ்சுவது பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே.

தொடங்குமுன் பெயர் பற்றி ஒரு சொல். புவியியல் என்ற பெயரைப் பள்ளிப் பாடநூல்கள் வேறொரு பாடத்துக்கு வழங்கிவிட்டதால், பாறைகளையும் நிலப்படிவுகளையும் ஆராயும் துறையை இங்கே நிலவியல் என்றே குறிப்பிடுகிறேன். நிலவியலோடு புவி இயற்பியல், புவிவேதியியல், நிலத்தடி நீரியல், நிலநடுக்கவியல், தொலையுணர்வு, கடலடி ஆய்வு ஆகிய அனைத்தையும் சேர்த்துச் சொல்லும்போது புவி அறிவியல்.

இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதன் வேலைவாய்ப்பு ஏறி இறங்கும் விதத்தை. எண்ணெய் விலை ஏறினால் மாணவர் சேர்க்கை ஏறுகிறது, விலை சரிந்தால் சேர்க்கையும் சரிகிறது. ஆனால் விலை சரிய ஓராண்டு போதும்; பட்டம் முடிக்க நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். 2014ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. நல்ல சம்பளத்தைக் கேள்விப்பட்டு 2011இலும் 2012இலும் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வெளியே வந்தபோது, அவர்களைத் தேடி வருவதாக இருந்த நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கியிருந்தன. 1986இலும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர ஒப்பந்த விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. வாங்கிக்கொள்பவருக்கே காசு கொடுக்க வேண்டிய நிலை. உலோகச் சந்தைக்கும் இத்தகைய ஏற்ற இறக்கம் உண்டு. தங்கம், செம்பு, லித்தியம் என்று பெயர்கள் மாறுகின்றன. பட்டப்படிப்பின் நீளமும் சந்தைச் சுழற்சியின் நீளமும் ஒத்துப்போகாத சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே முதலாண்டு மாணவர் எந்தத் தொழில் நான்காண்டு கழித்துக் கொடிகட்டிப் பறக்கும் என்று ஊகித்துப் படிப்பது சூதாட்டத்துக்கு நெருக்கமான காரியம். எண்ணெய்க்கு வெளியே வேலை இல்லை என்பதும் பழைய எண்ணம். நிலத்தடி நீர் ஆய்வு, சுரங்கப்பாதை, அணை, பாலம் ஆகியவற்றுக்கான பொறியியல் நிலவியல், மாசுபட்ட நிலத்தைச் சீராக்கும் பணி, புவிவெப்ப ஆற்றல், கடலில் நிறுத்தும் காற்றாலைகளின் அடித்தள ஆய்வு, நிலநடுக்க, வெள்ள இழப்புகளை முன்கூட்டிக் கணக்கிடும் மறுகாப்பீட்டுத் துறை என்று பரப்பு விரிந்துகொண்டே போகிறது. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996இலிருந்து கரியமில வாயுவைக் கடலடியிலுள்ள மணற்பாறைக்குள் செலுத்தி வருகிறார்கள். பல ஆண்டுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் வரை செலுத்தப்பட்டது. அந்த வாயு பாறைக்குள் எங்கே நகர்கிறது என்பதைக் கண்காணிக்கப் பயன்படும் அதிர்வலை ஆய்வு, எண்ணெய் தேடுவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட அதே நுட்பம்தான். எண்ணெய் வேலையை இழந்த ஒருவர் இங்கே வந்து உட்கார முடிவது இதனால்தான். தொழில் மாறுகிறது, கையிலுள்ள வித்தை கூடவே வருகிறது. ஆனால் வித்தை கைவசம் இருக்கிறது என்பதைப் புதிய இடத்தில் உள்ளவர் எதைக் கொண்டு நம்புவார்? கேள்வி மறுபடியும் சரிபார்ப்பிலேயே வந்து முட்டுகிறது.

கோர் பெட்டியின் முன்னே

வித்தை என்று பொதுவாகச் சொன்னதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். பட்டம் முடித்தவுடன் பலருக்குக் கிடைக்கும் முதல் வேலை, துளையிட்டு எடுத்த பாறைத் தண்டை, அதாவது கோரை, பெட்டியில் வரிசையாக அடுக்கிப் பதிவுசெய்வது. அதில் ஆர்.கியூ.டி. என்றொரு எண்ணைக் கணக்கிட வேண்டும். பாறையின் தரத்தைச் சொல்லும் இந்த அளவு 1960களில் நடைமுறைக்கு வந்தது. முறை எளிது: ஒரு தடவை துளைத்த நீளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டி, மொத்த நீளத்தால் வகுத்து, விழுக்காடாக எழுத வேண்டும்.

துளைத்த நீளம் 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 38, 17, 8, 20, 35 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டுகள் கிடக்கின்றன. மற்றதெல்லாம் நொறுங்கிய சில்லுகள். 8 சென்டிமீட்டர் துண்டை விட்டுவிட்டுக் கூட்டினால் 110, விழுக்காடு 73. வகைப்பாட்டு அட்டவணையில் 50 முதல் 75 வரை நடுத்தரப் பாறை, 75 முதல் 90 வரை நல்ல பாறை. எனவே இது நடுத்தரம். இப்போது அந்த 17க்கும் 8க்கும் இடையிலுள்ள உடைப்பை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். உடைந்த முகம் சொரசொரப்பாக, புதிதாக, கறையின்றி இருந்து, இரண்டு துண்டுகளும் இடைவெளியில்லாமல் பொருந்தினால், அது துளைக்கும்போது நேர்ந்த உடைப்பு. பாறைக்குள் முன்பே இருந்த விரிசல் அல்ல. முகத்தில் இரும்புக் கறையோ களிமண் பூச்சோ இருந்தால் அது இயற்கையான விரிசல். துளைக்கும்போது உடைந்தது என்று தெரிந்தால் இரண்டையும் ஒரே துண்டாக, 25 சென்டிமீட்டராக எண்ண வேண்டும். கூட்டுத்தொகை 118 ஆகிறது, விழுக்காடு ஏறக்குறைய 79. நடுத்தரப் பாறை நல்ல பாறையாகிவிட்டது. இதுபோன்ற எண்களைக் கொண்டுதான் சுரங்கப்பாதைக்கு எவ்வளவு தாங்கல் கொடுப்பது என்று பின்னால் ஒருவர் கணக்குப் போடுவார்.

இந்த முடிவை எடுத்தவர் முதலாண்டுப் பணியாளர். அவருடைய பெயர் அறிக்கையின் முகப்பில் வராது. ஆனால் பதிவேட்டில், இந்த ஆழத்தில் உள்ள உடைப்பு துளையிடலால் நேர்ந்தது, முகம் புதியது, கறையில்லை என்று ஒரு வரி எழுதி, பெட்டியை ஈரப்படுத்தி ஒரு படமும் எடுத்து வைத்திருந்தால், மூன்றாண்டு கழித்துக்கூட இன்னொருவர் அந்த முடிவை மறுபடி சோதிக்கலாம். வெறும் 79 என்று எழுதியிருந்தால் முடியாது. தொழில் வளர்ச்சி என்று பயிலரங்குகளில் பேசப்படுவதில் பெரும்பகுதி, என் கணிப்பில், இந்த ஒரு வரியை எழுதும் பழக்கத்தின் நீட்சிதான்.

ஐந்து ஆண்டுகள் ஏன்

கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்பதற்குப் பின்னால் ஒரு மோசடி இருக்கிறது. 1990களின் நடுவில் பிரே-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம், இந்தோனேசியாவின் புசாங் என்னுமிடத்தில் பெரும் தங்கப் படிவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. பங்கு விலை வானத்தைத் தொட்டது. 1997இல் கூட்டாளியாக வரவிருந்த நிறுவனம் தானே துளையிட்டுச் சோதித்தபோது சொல்லத்தக்க அளவில் தங்கமே இல்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்துகள் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வழக்கமாக, கோரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டு மறுபாதியைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்துவார்கள். யார் வேண்டுமானாலும் பின்னர் எடுத்துச் சோதிப்பதற்காக. புசாங்கில் கோர் முழுவதையும் அரைத்து அனுப்பிவிட்டார்கள். சரிபார்ப்பதற்கு மறுபாதி இல்லை. அதைக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய பலர் அந்த நேரத்தில் கேட்கவில்லை.

அதன் விளைவாகக் கனடாவில் 2001இல் என்.ஐ. 43-101 என்னும் விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. கனிம வளத்தைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லும் எந்தத் தொழில்நுட்பத் தகவலுக்கும் தகுதியுள்ள நபர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமும் தொழில்முறை அமைப்பொன்றின் உறுப்புரிமையும் இருக்க வேண்டும். 1989இல் முதலில் வெளியாகி, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வழங்கிவரும் ஜோர்க் விதித்தொகுப்பும் ஐந்தாண்டைத்தான் சொல்கிறது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: எந்தவகைப் படிவைப் பற்றி அறிக்கை எழுதுகிறாரோ அதே வகைப் படிவில், எந்தப் பணியைச் செய்கிறாரோ அதே பணியில் அந்த ஐந்தாண்டு அனுபவம் பொருந்தியிருக்க வேண்டும். ஆண்டுக்கொரு கனிமம், ஆண்டுக்கொரு நிறுவனம் என்று தாவிக்கொண்டிருப்பவர் பத்தாண்டு வேலை பார்த்த பின்னும் எந்த ஒன்றுக்கும் தகுதி பெறாமல் போகலாம். இளம் பணியாளர்கள் பலருக்கு இது தெரியவருவது காலம் கடந்த பிறகுதான்.

தொழில்முறை உரிமத்தின் வடிவம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நிலவியலாளருக்கு உரிமம் வழங்குகின்றன. தேர்வு இரண்டு பகுதிகளாக நடக்கிறது. அடிப்படைகளைச் சோதிக்கும் முதல் பகுதியைப் பல இடங்களில் பட்டம் முடித்த கையோடு எழுதிவிடலாம். பணி நடைமுறையைச் சோதிக்கும் இரண்டாம் பகுதிக்கு அனுபவம் தேவை. கனிமங்களின் பெயர்கள் நினைவில் பசுமையாக இருக்கும்போதே முதல் பகுதியை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். பத்தாண்டு கழித்துப் படிகவியலை மறுபடி தொடங்கிப் படிப்பவர்களின் சிரமத்தைக் கேட்டால் தெரியும். கனடாவில் நான்காண்டுப் பணி அனுபவத்தோடு, பட்டப்படிப்பில் எந்தெந்தப் பாடங்களைப் படித்தீர்கள் என்பதையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதாவது, இரண்டாமாண்டில் எளிதாக இருக்கிறதென்று தேர்ந்தெடுத்த விருப்பப்பாடம் பின்னாளில் உரிமத்துக்குக் குறுக்கே வந்து நிற்கலாம். 1807இல் தொடங்கப்பட்ட லண்டன் நிலவியல் கழகம் வழங்கும் பட்டய நிலவியலாளர் தகுதிக்கு, செய்த பணிகளின் ஆவணங்களைத் தொகுத்து ஒப்படைத்து, மூத்த உறுப்பினர்கள் முன் நேர்காணலும் கொடுக்க வேண்டும். அந்த ஆவணங்களைக் கடைசி மாதத்தில் உட்கார்ந்து உருவாக்க இயலாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே, எந்தத் திட்டம், என் பங்கு என்ன, நானாக எடுத்த முடிவு எது, மேற்பார்வையிட்டவர் யார் என்ற நான்கு விவரங்களையும் மாதந்தோறும் எழுதிவைப்பவருக்கு அந்தத் தொகுப்பு தானாகச் சேர்ந்துவிடும்.

மாநாடுகளும் நாட்காட்டியும்

பெரிய கழகங்களின் பெயர்கள் எல்லோரும் அறிந்தவை. அமெரிக்க நிலவியல் கழகம் 1888இலும், அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியமான ஏ.ஜி.யு. 1919இலும் தோன்றின. ஐரோப்பாவில் இரண்டு அமைப்புகள் இணைந்து 2002இல் ஈ.ஜி.யு. என்ற ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் உருவானது. அதன் பொதுக்கூட்டம் வியன்னாவில் நடக்கிறது. ஏ.ஜி.யு. ஆண்டுக் கூட்டம் டிசம்பரில். இரண்டிலும் பல்லாயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். முதல்முறை போகிறவருக்குத் திருவிழாவில் தொலைந்த உணர்வுதான் ஏற்படும்.

இளம் ஆய்வாளர் என்ற தகுதிக்கு இந்த அமைப்புகள் கால எல்லை வைத்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இறுதியாகப் பெற்ற பட்டத்திலிருந்து ஏழாண்டுகள் வரை ஈ.ஜி.யு. ஒருவரை இளம் அறிவியலாளர் என்று கருதுகிறது. குழந்தை வளர்ப்பு போன்ற காரணங்களால் எடுத்த விடுப்புக்கு அதில் சலுகை உண்டு. ஏ.ஜி.யு. பத்தாண்டுகள் வரை கணக்கில் கொள்கிறது. விருது, பயண உதவி, கட்டணச் சலுகை எனப் பலவும் இந்தச் சாளரத்துக்குள் மட்டுமே கிடைப்பவை. அதைவிட முக்கியமானது விண்ணப்ப நாட்காட்டி. ஏப்ரலையொட்டி நடக்கும் வியன்னா கூட்டத்துக்கு ஆய்வுச்சுருக்கம் ஜனவரி வாக்கில் போய்ச் சேர வேண்டும். பயண உதவி வேண்டுமானால் அதற்கும் முன்பே. டிசம்பர் கூட்டத்துக்கு ஜூலை முடிவிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ சுருக்கம் தயாராக இருக்க வேண்டும். விசா எடுக்க வேண்டியவர்கள் இதோடு தூதரக நேர்காணலுக்கான காத்திருப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாநாட்டைப் பற்றி நண்பர்கள் பேசத் தொடங்கும் நேரத்தில் விழித்துக்கொண்டால் உதவித்தொகையின் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கும். திறமையில் குறையில்லாத பலர் நழுவவிடுவது இந்தத் தேதிகளைத்தான்.

மேடையில் பேசக் கிடைக்கவில்லை, போஸ்டர்தான் (ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, அருகில் நின்று விளக்கும் வாய்ப்பு) கிடைத்தது என்று வருந்துபவர்களைப் பார்க்கிறோம். மாணவருக்குப் போஸ்டரே மேல் என்பது என் கருத்து. மேடையில் பன்னிரண்டு நிமிடம் பேசினால் கேள்விக்கு மூன்று நிமிடம் மிஞ்சும். கேட்பவர் யாரென்றுகூட விளக்கொளியில் தெரியாது. போஸ்டரின் முன்னே ஒருவர் வந்து நின்று, வரைபடத்தில் விரல் வைத்து, இந்தப் புள்ளி மட்டும் ஏன் கோட்டை விட்டு விலகி நிற்கிறது, இதன் பிழை எல்லை எவ்வளவு என்று கேட்பார். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தால், நீங்கள் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்த கட்டுரையை எழுதியவர் அவராகவே இருக்கலாம். அந்தப் புள்ளிக்கு உங்களிடம் பதில் இருந்தால் உரையாடல் இருபது நிமிடம் நீளும். பதில் இல்லையென்றாலும், தெரியவில்லை, மாதிரியை மறுபடி அளந்து எழுதுகிறேன் என்று சொல்லி, சொன்னபடி இரண்டு வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பினால் அதுவும் ஒரு தடயம்தான். மாணவர் படைப்புகளை மதிப்பிட்டு விருது வழங்கும் ஏற்பாடு இரு கூட்டங்களிலும் உண்டு. சுருக்கத்தை அனுப்பும்போதே அதற்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும். பரிசு கிடைக்காவிட்டாலும் முன்பின் தெரியாத நடுவர் ஒருவர் உங்கள் வேலையை உட்கார்ந்து படித்துப் பார்ப்பது சிறிய காரியமில்லை.

பயணம் செய்ய முடியாதவர்களுக்கு

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். களப்பயிற்சி முகாமுக்கும் காசு வேண்டும், சம்பளமில்லாத பயிற்சிப் பணியை ஏற்பதற்கும் வேறெங்கிருந்தாவது காசு வர வேண்டும். இதைப் பேசாமல் வாய்ப்புகளை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. ஆனால் புவி அறிவியலுக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது: தரவின் பெரும்பகுதி திறந்து கிடக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் களஞ்சியம் முழுவதும் 2008இலிருந்து இலவசம். 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1ஏ செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகளும் அப்படியே; நிலம் சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் அந்தப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டறியலாம். உலகெங்கும் உள்ள நிலநடுக்கப் பதிவுகளை எர்த்ஸ்கோப் போன்ற அமைப்புகள் யாருக்கும் தருகின்றன. அவற்றைப் படிக்கும் ஒப்ஸ்பை, வரைபடம் தீட்டும் கியூஜிஸ் ஆகிய மென்பொருள்களுக்கும் கட்டணமில்லை.

மென்பொருள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலகின் புவி அறிவியல் ஆய்விதழ்களில் வரும் கடலடி வரைபடங்களில் ஏராளமானவை ஜி.எம்.டி. என்ற இலவசக் கருவித்தொகுப்பால் வரையப்பட்டவை. அதை 1980களின் இறுதியில் எழுதத் தொடங்கியவர்கள் பால் வெசல், வால்டர் ஸ்மித் என்ற இருவர். அப்போது அவர்கள் அமெரிக்காவின் லமான்ட் புவி ஆய்வகத்தில் பட்டமேற்படிப்பு மாணவர்கள். தங்கள் வேலைக்கென எழுதியதைப் பிறரும் பயன்படுத்தும்படி திறந்து வைத்தார்கள். எல்லோருக்கும் அந்த அளவுக்கு வாய்க்காது. ஆயினும், ஒரே ஒரு நிலச்சரிவின் அசைவை ரேடார் பதிவிலிருந்து கணக்கிட்டு, பயன்படுத்திய தரவையும் நிரலையும் குறிப்புகளோடு பொதுவெளியில் வைத்திருக்கும் மாணவரை நேர்காணலில் சந்திக்கும்போது, பைத்தான் நிரல்மொழி தெரியுமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

பாறையைக் கையால் தொட வேண்டும் என்பவர்களுக்கும் வழியுண்டு. ஆழ்கடல் துளையிடல் திட்டங்கள் 1968இல் தொடங்கின. ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் 1985 முதல் 2024 வரை கடலடியிலிருந்து கோர் எடுத்தது. ஒவ்வொரு பயணமும் ஏறக்குறைய இரண்டு மாதம், நாளுக்குப் பன்னிரண்டு மணிநேர வேலை, அணியில் ஆய்வு மாணவர்களுக்கும் இடம். அந்தக் கப்பல் ஓய்வு பெற்றுவிட்டது. ஐரோப்பிய நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து 2025 முதல் புதிய திட்டமொன்றை நடத்துகின்றன என்றாலும், கப்பலில் இடம் கிடைப்பது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. ஆனால் இதுவரை எடுத்த கோர்கள் ஜெர்மனியின் பிரேமன், அமெரிக்காவின் டெக்சாஸ், ஜப்பானின் கோச்சி ஆகிய இடங்களில் உள்ள கிடங்குகளில் குளிரூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பயணக் குழுவுக்கென ஒதுக்கிய தனியுரிமைக் காலம் முடிந்ததும், தெளிவான ஆய்வுக் கேள்வியோடு விண்ணப்பிக்கும் ஆய்வாளர் மாதிரி கேட்டுப் பெறலாம். ஒருவர் 1970களில் எடுத்த கோரில், அப்போது இல்லாத கருவியைக் கொண்டு இன்று புதிய விடை தேடலாம். புசாங்கில் அரைபட்டுப்போன மறுபாதி இங்கே அலமாரியில் காத்திருக்கிறது என்று சொல்லலாம்.

போட்டிகளில் பெட்ரோலிய நிலவியலாளர்களின் ஏ.ஏ.பி.ஜி. அமைப்பு நடத்தும் இம்பீரியல் பேரல் விருது குறிப்பிடத்தக்கது. மாணவர் குழுவிடம் ஒரு படுகையின் உண்மையான தரவைக் கொடுத்து, சில வாரங்களில் அதை ஆய்ந்து, எங்கே துளையிடலாம் என்று நடுவர்கள் முன் வாதிடச் சொல்கிறார்கள். எண்ணெயில் ஆர்வமில்லாதவருக்கும், அரைகுறைத் தரவை வைத்துக்கொண்டு குறித்த நாளுக்குள் ஒரு முடிவுக்கு வந்து அதற்குப் பொறுப்பேற்கும் பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. புவி இயற்பியலாளர்கள் 2008இல் தொடங்கிய எல்லைகளற்ற புவி அறிவியலாளர்கள் திட்டம், நீர்ப் பற்றாக்குறை, நிலச்சரிவு போன்ற சிக்கல்கள் உள்ள ஊர்களில் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிறது. துருவ ஆய்வில் ஈடுபடுவோருக்கு, 2007-08 சர்வதேசத் துருவ ஆண்டையொட்டி உருவான ஏபெக்ஸ் என்ற இளம் ஆய்வாளர் கூட்டமைப்பு இருக்கிறது.

சொல்லத் தெரிவதும் தொழிலே

இத்தாலியின் லாக்விலா நகரில் 2009 தொடக்கத்தில் சிறு நடுக்கங்கள் தொடர்ந்து வந்தன. மார்ச் 31 அன்று வல்லுநர் குழு கூடியது. கூட்டத்துக்கு முன் ஓர் அரசு அதிகாரி தொலைக்காட்சியில், சிறு நடுக்கங்கள் ஆற்றலை வெளியேற்றுவதால் நிலைமை சாதகமானது என்ற பொருள்படப் பேசினார். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. ஏப்ரல் 6 அதிகாலை பெரும் நடுக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2012இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர், அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி வாதங்கள் பல உண்டு. இளம் புவி அறிவியலாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி குறுகலானது: தான் சொன்னது என்ன, அதன் நிச்சயமின்மை எவ்வளவு என்பதைத் தானே எளிய சொற்களில் எழுதிவைக்காவிட்டால், அவருக்காக வேறொருவர் பேசிவிடுவார். நிகழ்தகவைப் பொதுமக்களுக்குப் புரியும்படி தாய்மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிப் பழகுவது, எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததல்ல.

கடைசியாக மனிதர்கள். முனைவர் பட்டம் பெறுபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பேராசிரியர் பணியிடங்கள் பெருகுவதில்லை. ஆகவே பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர் ஒருவரையாவது வழிகாட்டியாகத் தேடிக்கொள்வது ஆய்வு மாணவருக்கு நல்லது. உங்களைவிட முப்பதாண்டு மூத்தவரின் அறிவுரையைக் காட்டிலும், ஐந்தாண்டு முன்னே நடப்பவரின் அறிவுரை இன்றைய சந்தைக்குப் பொருத்தமாக இருக்கும். வழிகாட்டி உங்கள் மேலதிகாரியாக இல்லாதிருப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் மேலதிகாரியைப் பற்றியே பேச வேண்டிய நிலை வரலாம். தொலைதூரக் களப்பணியில் ஒரு சிறு குழு வாரக்கணக்கில் தனித்திருக்கிறது. அங்கே நேரும் பாலியல் தொல்லையையும் மிரட்டலையும் பற்றித் துறை நெடுங்காலம் வாய் திறக்காமலிருந்தது. 2017இல் ஏ.ஜி.யு. அத்தகைய துன்புறுத்தலை ஆய்வு நெறிமீறலாகவே அறிவித்தது. களத்துக்குப் புறப்படும் முன், புகார் எழுந்தால் குழுத்தலைவரைத் தவிர வேறு யாரை அழைக்க வேண்டும், எந்தத் தொலைபேசியில் அழைக்க முடியும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்பதற்கு நிகரான கேள்விதான் அது.

பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் தாம் கண்டதை மட்டுமே எழுத முடியும். கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர் என்ற கடிதங்களைத் தேர்வுக்குழு நாள்தோறும் பார்க்கிறது. ஆகவே கடிதம் கேட்கும்போது, கேட்கும் மடலோடு இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து அனுப்பலாம்: இன்ன ஆண்டு, இன்ன துளையில், இன்ன ஆழத்தில் இருந்த உடைப்பு துளையிடலால் நேர்ந்தது என்று நான் பதிவுசெய்தேன், நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்து ஒப்புக்கொண்டீர்கள், படமும் பதிவேட்டின் பக்கமும் இணைப்பில் உள்ளன.